வஜா

எண்ணூரில் கப்பலை விட்டிறங்கி
குளிர் கலைந்து வாயுவாகி
அறுநூறு கிலோமீட்டர் மண்ணுக்கடியில் வந்து
கங்கைகொண்டான் சிப்காட்டில்
எங்கள் மஞ்சள் வால்வில் நிற்கிறது.
அதற்கென்று வாசம் கிடையாது.
கசிந்தால் தெரியட்டுமென்று வழியில் சேர்க்கிறார்கள்.
மீட்டர் கன அளவைக் காட்டும்,
பில் சூட்டை எண்ணும்.

கை கழுவும் தொட்டி சுடுகிற கம்பெனி.
நான் கணக்கு.
பஸ் தாழையூத்து தாண்டுவதற்குள்
பிரெண்ட் எண்ணெய் விலையைப் போனில் பார்த்துவிடுவேன்.
எண்ணெயில் எங்களுக்கு ஒரு சொட்டு வேலையில்லை.
ஆனாலும் அதன் முந்திய மூன்று மாதச் சராசரி,
அதில் நூற்றுக்குப் பன்னிரண்டேகால்,
மேலே குழாய்க்கூலி,
மேலே அன்றைய டாலர், அதற்கும் மேலே வாட்.
ஜிஎஸ்டி இதைத் தொடாது,
கட்டிய வரியைத் தொட்டியின் வரியில் கழிக்கவும் முடியாது.
மேனேஜர் ஞானதிரவியத்துக்கு
வருஷத்துக்கு நாலு தடவை விளக்குகிறேன்.
"அயிரை மீனுக்கு ஆட்டுக்கறி வெலையப் பாத்தா
வெல வைக்கான்?" என்பார், நாலு தடவையும்.

உச்சிமாகாளிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
எட்டு மணி நேரம் சூளை,
மிச்சத்துக்குப் பாளையங்கால்வாய்க் கடைமடையில் முப்பது சென்ட்.
குழாய் ஒருத்தனுடையது, வாயு இன்னொருத்தனுடையது,
குழாய்க்காரன் எவர் வாயுவுக்கும் வழிவிட வேண்டும்,
கூலியை டெல்லியில் ஒரு வாரியம் சொல்லும் என்றேன்.
"கால்வா சர்க்காருது, தண்ணி ஆத்துது,
நமக்குள்ளது முறை மட்டுந்தான" என்றான்.

தினமும் மூன்று மணிக்குள்
நாளைக்கு எவ்வளவு வேண்டுமென்று எழுதிவிட வேண்டும்.
கூட எடுத்தால் அபராதம்.
பேசிய அளவில் தொண்ணூறு பங்குக்கு
எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு.

மார்கழி பிறந்ததும் மழை.
இரண்டாம் நாள் சிற்றாறு
காம்பவுண்டுச் சுவரைக் கேட்காமல் உள்ளே வந்தது.
பர்னர் குழிக்குள் கெண்டை நீந்தியது.
பத்தொன்பது நாள் சூளை ஈரமாய்க் கிடக்க
வால்வுக்கு அந்தப் பக்கம்
அழுத்தம் ஒரு புள்ளி இறங்காமல் நின்றது வாயு.

தை மூன்றாம் தேதி பில்:
எரிக்காத நெருப்புக்கு நாற்பத்தோரு லட்சம்.

ஒப்பந்தத்தில் பதினேழாம் பிரிவு, தெய்வச்செயல்.
வெள்ளம் இருக்கிறது. பூகம்பம், கலகம், யுத்தம் இருக்கிறது.
நாற்பத்தெட்டு மணிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்
என்பதும் இருக்கிறது.
அந்த நாற்பத்தெட்டு மணியும்
நான் மேலப்பாளையத்தில் மொட்டை மாடியில்,
செத்த போனோடு,
ஹாஜரா அக்காவின் மூன்று பிள்ளைகளுக்குப்
பிஸ்கட் எண்ணிக்கொண்டிருந்தேன்.
அதையே எழுதினேன், பிஸ்கட்டை எடுத்துவிட்டு.

"வெள்ளாமை அழிஞ்சா தீர்வைக்கு வஜா உண்டுல்லா,
அப்படிக் கேளுங்க" என்றான் உச்சிமாகாளி.
இங்கிலீஷ் கடிதத்தில் வஜாவை எங்கே வைப்பது?
ரிலீஃப் என்று போட்டேன்.
சொல் இளைத்துப்போயிற்று.

சென்னையிலிருந்து ஒருவர் பொறுமையாகப் பேசினார்.
மேடம், உங்களுக்காக நாங்க கப்பல்காரனுக்குக் கட்டியாச்சு.
கப்பல்காரன் கிணற்றுக்காரனுக்கு.
கிணற்றுக்காரன் பேங்குக்கு.
பேங்குக்கு யாரு சார்?
லைனில் கொஞ்ச நேரம் ஆளில்லை.

வஜா இல்லை என்று பதில் வந்தது.
காசு கட்டி எடுக்காத வாயுவை
ஒரு வருஷத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம்,
அதுவும் குழாயில் இடமிருந்தால்
என்று ஓர் உபபிரிவு மட்டும் கண்டெடுத்தேன்.
பேரேட்டில் தனிப் பக்கம் போட்டு
மார்கழி வாயு என்று தலைப்பு எழுதினேன்.

இன்று சித்திரை ஏழு.
குழாயில் இடமிருக்கிறது.
உச்சிமாகாளி வால்வைத் திறந்து பொறி காட்டினான்,
பின்வாங்கி நின்றான்.
"இது அந்த மாசத்துத் தீயா?"
ஆமாம் என்றேன்.
பிசானம் போன வயலில் இன்னும் முழங்கால் மணல் அவனுக்கு.
தாலுகா ஆபீஸில் கொடுத்த மனு என்னாச்சு என்று கேட்டேன்.
"கெடக்கு."
காற்றுத் திருகைக் கொஞ்சம் கூட்டினான்.
மஞ்சளாய் ஆடிய நுனி
நீலமாகி நின்றது.